சாரத்திலிருந்து விழுந்தவருக்கு யார் பொறுப்பு?

கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒருவர் மேலேயிருந்து விழுந்துவிட்டார் என்ற செய்தி வந்ததும் மூன்று பேச்சுகள் கிளம்பும். "பெல்ட் போட்டிருந்தா இப்படி ஆகியிருக்காது, அவர் தப்புதான்" என்பது ஒன்று. "அவர் கம்பெனி ஆள் இல்லை, மேஸ்திரி கூட்டிவந்த ஆள்" என்பது இன்னொன்று. "பாவம், குடும்பத்துக்கு ஏதோ கொடுத்து அனுப்பிட்டாங்க" என்பது மூன்றாவது. சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. ஆனால் சட்டத்தின் பார்வையில் மூன்றுமே பெரும்பாலும் தவறு. இவற்றை நம்பியே அடிபட்டவர்கள் தங்களுக்கு உரியதைக் கேட்காமல் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அதனால்தான் இதை அடியிலிருந்து விளக்க வேண்டும் என்று தோன்றியது.

நாட்டுக்கு நாடு சட்ட விவரங்கள் மாறும். தொகை மாறும், கெடு மாறும், எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது என்பதும் மாறும். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: அந்த இடத்தைப் பாதுகாப்பாக வைக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது? கடைசியில் கால் தவறியவர் யார் என்பது அதற்குப் பிறகு வரும் சின்னக் கேள்வி.

ஒரு பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள்

டிக்கெட் விற்றது ஒரு நிறுவனம். பேருந்து வேறொருவருடையது. ஓட்டுநரை அனுப்பியது மூன்றாவதாக ஓர் ஏஜென்சி. இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வண்டி மோதுகிறது, பயணிகளுக்கு எலும்பு முறிகிறது. அப்போது ஒருவர் வந்து, "நீங்கள் கம்பியைக் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டாமா?" என்று பயணியைக் கேட்டால் நமக்குக் கோபம்தான் வரும். பிரேக்கைச் சோதிப்பது பயணியின் கையில் இல்லை. பிரேக்கைப் பார்த்திருக்க வேண்டியவர் யார், சரியில்லாத வண்டியைக் கிளம்பவிடாமல் நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்றுதான் கேட்போம். மூன்று நிறுவனங்களும் ஒன்றையொன்று கைகாட்டினால், "அது உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள், முதலில் இவரைக் கவனியுங்கள்" என்போம்.

கட்டுமான இடத்திலும் இதேதான். சாரத்துக்கு எந்தக் குழாய், எத்தனை அடிக்கு ஒரு கட்டு, தளத்துக்கு அடியில் கொடுத்த முட்டுகளை எத்தனை நாள் கழித்துப் பிரிப்பது, மழை பெய்தால் வேலையை நிறுத்துவதா தொடர்வதா: இவை எதையும் சாரத்தில் நிற்கும் கொத்தனாரோ சித்தாளோ முடிவு செய்வதில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. பயணி பயந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடலாம். தொழிலாளி இறங்கினால் அன்றைய கூலி போய்விடும், மறுநாள் வேலையும் இருக்காது. அதனால் அவர் விஷயத்தில் சட்டம் இன்னும் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது.

பொறுப்பு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று கணக்குகள்

குழப்பத்தின் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. 'கம்பெனி பொறுப்பு' என்று பொதுவாகச் சொல்லும்போது, ஒன்றோடொன்று கலக்கக் கூடாத மூன்று விஷயங்களைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, இழப்பீடு. வேலையின்போது, வேலையின் காரணமாக அடிபட்டால் சட்டம் வகுத்த அளவில் கிடைக்கும் பணம் இது. யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. இதைத் தவறு சாராப் பொறுப்பு என்பார்கள். அதாவது, முதலாளி ஒரு தவறும் செய்யவில்லை என்றாலும் கொடுக்க வேண்டும். பெரும்பாலான நாடுகளில் இது ஒரு காப்பீடு மூலமாகவோ அரசு நிதியம் மூலமாகவோ வருகிறது. மருத்துவச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாட்களின் கூலியில் ஒரு பங்கு, நிரந்தர ஊனத்துக்கு ஒரு தொகை, இறந்தால் குடும்பத்துக்கு ஒரு தொகை என்று கணக்கு போடப்படும்.

இரண்டாவது, நஷ்டஈடு. இங்கே தவறு முக்கியம். நிறுவனம் எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கையை எடுக்கவில்லை, அதனால்தான் அடிபட்டது என்று நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். காட்ட முடிந்தால், சட்டம் வகுத்த அட்டவணையைத் தாண்டி, வலிக்கும் வேதனைக்கும், வாழ்நாள் முழுக்க இழக்கப்போகும் வருமானத்துக்கும் சேர்த்துக் கேட்கலாம்.

மூன்றாவது, தண்டனை. பாதுகாப்பு விதிகளை மீறியதற்காக அரசு போடும் அபராதம், வேலை நிறுத்த உத்தரவு, சில நேரம் குற்ற வழக்கு. இந்தப் பணம் தொழிலாளிக்கு வருவதில்லை. "கம்பெனிக்கு அபராதம் போட்டுட்டாங்க, விஷயம் முடிஞ்சுது" என்று சொல்வது இதனால்தான் தவறு. அபராதம் அரசுக்குப் போயிருக்கிறது. அடிபட்டவரின் கணக்கு அப்படியே இருக்கிறது.

முதலிரண்டுக்கும் இடையில் ஒரு முக்கியமான சிக்கல் உண்டு. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில், இழப்பீட்டுத் திட்டத்தில் வரும் தொழிலாளி தன் சொந்த முதலாளிமேல் கவனக்குறைவு வழக்குப் போட முடியாது. தவறை நிரூபிக்காமலே பணம் கிடைப்பதற்கு அவர் கொடுக்கும் விலை அது. இந்தியாவின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில், ஒரே காயத்துக்காக முதலாளியிடம் இரண்டு வழிகளிலும் கேட்க முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இருந்தது. பிரிட்டனில் அரசு உதவியும் உண்டு, முதலாளிமேல் வழக்கும் போடலாம். ஆகவே அவசரப்பட்டு ஏதாவது ஒரு தாளில் கையெழுத்துப் போடும் முன், நம் ஊர்ச் சட்டத்தில் ஒரு கதவைத் திறந்தால் இன்னொன்று மூடுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சொந்த முதலாளிமேல் வழக்குப் போட முடியாத இடத்திலும், அதே இடத்தில் வேலை செய்த வேறு நிறுவனத்தின் தவறால் அடிபட்டிருந்தால் அந்த நிறுவனத்தின்மேல் போட முடியும். கட்டுமானத்தில் இப்படித்தான் பல வழக்குகள் நடக்கின்றன.

சுருக்கமாக: இழப்பீட்டுக்குத் தவறு தேவையில்லை, நஷ்டஈட்டுக்குத் தவறு தேவை, தண்டனை அரசுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலானது. இனி யாராவது 'பொறுப்பு' என்றால் எந்தக் கணக்கைச் சொல்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

தவறே இல்லாமல் ஏன் கொடுக்க வேண்டும்?

நியாயமான கேள்விதான். இதற்கு விடை சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1837-ல் இங்கிலாந்தில் இறைச்சிக் கடை வேலையாள் ஒருவர், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி உடைந்ததில் தொடை எலும்பு முறிந்து, முதலாளிமேல் வழக்குப் போட்டார். நீதிமன்றம் அவர் கோரிக்கையை ஏற்கவில்லை. இதற்கெல்லாம் முதலாளியைப் பொறுப்பாக்கினால் வழக்குகளுக்கு எல்லையே இருக்காது என்று நீதிபதி கவலைப்பட்டார். 1842-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், இன்னோர் ஊழியரின் தவறால் கையை இழந்த ரயில் என்ஜின் ஓட்டுநருக்கும் இதே பதில்தான் கிடைத்தது. ஆபத்துக்கான விலை கூலியிலேயே சேர்ந்துவிட்டது என்றது அந்தத் தீர்ப்பு.

அந்தக் காலத்து முதலாளிகளுக்கு மூன்று கேடயங்கள் இருந்தன. ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய் என்பது ஒன்று. உன் தவறும் கொஞ்சம் இருக்கிறது, ஆகவே ஒன்றும் கிடையாது என்பது இரண்டு. உன்னைக் காயப்படுத்தியது நான் இல்லை, உன் சக தொழிலாளி என்பது மூன்று. இந்த மூன்றையும் தாண்டி ஒரு தொழிலாளி ஜெயிப்பது மிகவும் அரிது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன பேச்சுகளை மறுபடி பாருங்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய சட்ட வாதங்கள்தான் இன்றும் நம் வாயில் உலவுகின்றன.

மாற்றம் ஜெர்மனியில் தொடங்கியது. 1884-ல் பிஸ்மார்க் ஆட்சித்தலைவராக இருந்த காலத்தில் வந்த விபத்துக் காப்பீட்டுச் சட்டம், தவறைத் தேடுவதையே விட்டுவிட்டது. முதலாளிகள் சேர்ந்து நிதி கட்ட வேண்டும், அடிபட்டவருக்கு அதிலிருந்து போகும். 1897-ல் பிரிட்டனும் இதே பாதைக்கு வந்தது. அந்தச் சட்டம் எல்லா வேலைக்கும் பொருந்தவில்லை, குறிப்பிட்ட ஆபத்தான தொழில்களுக்கு மட்டும்தான். கட்டுமானம் அதில் இருந்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: கட்டடம் 30 அடிக்கு மேல் உயரமாக இருந்து, சாரம் கட்டி வேலை நடந்தால்தான். இடிப்பு வேலைக்கும் இயந்திரம் ஓடும் இடத்துக்கும் அதே 30 அடிக் கணக்குதான். 28 அடியிலிருந்து விழுந்தாலும் எலும்பு அதே மாதிரிதான் முறியும் என்பதால் அந்த எல்லை நிற்கவில்லை. 1906-ல் வந்த அடுத்த சட்டம் ஏறக்குறைய எல்லா வேலைகளையும் சேர்த்துக்கொண்டது.

இந்த ஏற்பாட்டின் பின்னால் உள்ள நியாயம் எளிது. உயரத்தில் வேலை நடந்தால் சிலர் விழுவார்கள், பள்ளம் தோண்டினால் சில இடங்களில் மண் சரியும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் அபாயம் பூச்சியம் ஆகாது. கட்டடத்தால் லாபம் பெறுபவர் சிமென்ட் விலை, கம்பி விலை மாதிரி இந்த விபத்துச் செலவையும் கட்டடத்தின் விலையில் சேர்த்துக்கொள்ள முடியும். தினக்கூலிக்காரரால் அது முடியாது. ஆகவே செலவைத் தாங்கக்கூடியவர் தாங்கட்டும், அப்போதுதான் விபத்தைக் குறைக்க அவருக்கே ஒரு காரணம் இருக்கும் என்பதுதான் அடிப்படை. "ஏதோ கொடுத்து அனுப்பிட்டாங்க" என்ற பேச்சு இங்கே உடைகிறது. அது தயவில் கொடுப்பதில்லை, கொடுத்தே தீர வேண்டிய கடன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இது விழுவதற்கும் நசுங்குவதற்கும் மட்டும் அல்ல. கல்லும் கான்கிரீட்டும் அறுக்கும்போது பறக்கும் நுண்ணிய சிலிக்கா தூசு வருடக்கணக்கில் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயைத் தரும். அதற்கு மருந்தில்லை. பல நாடுகளின் சட்டங்கள் இதைத் தொழில்சார் நோய் என்று பட்டியலிட்டு, விபத்து மாதிரியே கணக்கில் எடுக்கின்றன.

நிறுவனத்தின் கடமை என்றால் என்ன?

சரி, இப்போது இரண்டாவது கணக்குக்கு வருவோம். தவறு என்று எதைச் சொல்வது?

மற்றவருக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ள நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்பதைக் கவனக் கடமை என்பார்கள். முதலாளியைப் பொறுத்தவரை இது எதையெல்லாம் குறிக்கும் என்று 1937-ல் பிரிட்டனின் அப்போதைய உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தெளிவாகச் சொன்னது. ஸ்காட்லாந்து நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில், வேலை முடிந்து வெளியே வந்துகொண்டிருந்த தொழிலாளி, திடீரென ஓடத் தொடங்கிய இழுவை இயந்திரத்தில் நசுங்கினார். "தகுதியுள்ள மேலாளரை நியமித்துவிட்டோம், அப்புறம் எங்களுக்கு என்ன பொறுப்பு?" என்றது நிறுவனம். சபை ஏற்கவில்லை. தகுதியான ஆட்கள், போதிய நல்ல கருவிகள், பாதுகாப்பான வேலைமுறை, அதற்கு உண்மையான மேற்பார்வை ஆகியவற்றைத் தருவது முதலாளியின் சொந்தக் கடமை. வேலையை வேறொருவரிடம் ஒப்படைக்கலாம், கடமையை ஒப்படைக்க முடியாது. இதற்குப் பெயர் கைமாற்ற முடியாத கடமை.

'பாதுகாப்பான வேலைமுறை' என்ற சொல்லைப் பலர் சாதாரணமாகக் கடந்துபோகிறார்கள். அதன் முழு எடையும் தெரிய 1978 ஏப்ரல் 27-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், வில்லோ ஐலண்ட் என்ற இடத்தில் நடந்ததைப் பார்க்கலாம். மின்நிலையத்துக்கான குளிர்விப்புக் கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது. சாரம் தரையிலிருந்து எழவில்லை. ஏற்கெனவே வார்த்த கான்கிரீட் சுவரிலேயே அதைப் பொருத்தி, கோபுரம் உயர உயரச் சாரத்தையும் உயர்த்திக்கொண்டே போனார்கள். முந்தைய நாள் வார்த்த கான்கிரீட் போதிய வலுப் பெறும் முன்பே மறுநாள் அதன்மேல் பாரம் ஏறியது. சுவர் பிய்த்துக்கொண்டு வந்தது. சாரத்தில் இருந்த 51 பேரும் இறந்தார்கள். இவர்களில் யார் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் என்ன பயன்? பெல்ட் மாட்டியிருந்தாலும் அதே சாரத்தோடு விழுந்திருப்பார்கள். கான்கிரீட் இறுகிவிட்டதா என்று சோதித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்ற ஒரு முறை உறுதியாக இருந்திருக்க வேண்டும். அதை உறுதிசெய்யும் அதிகாரம் மேலே நின்றவர்களிடம் இல்லை.

பள்ளம் தோண்டும் வேலையும் இப்படித்தான். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல்கூட இருக்கும். மார்பளவு மண் மூடினாலே மூச்சு விரிய இடமிருக்காது. சரியும் வேகத்தில் யாரும் ஓடித் தப்ப முடியாது. அதனால்தான் அமெரிக்க விதிகள், முழுக்கப் பாறையாக இல்லாத எந்தப் பள்ளமும் 5 அடி, அதாவது சுமார் ஒன்றரை மீட்டர் ஆழத்தை எட்டினால் பக்கச் சுவருக்கு முட்டு கொடுக்கவோ சரிவாக வெட்டவோ வேண்டும் என்கின்றன. உயரத்துக்குப் பொதுவாக 6 அடி. அதற்கு மேல் வேலை என்றால் தடுப்போ வலையோ பெல்ட்டோ ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். மாடி உயரம் என்றால்தான் ஆபத்து என்ற நினைப்பு எவ்வளவு தவறு என்பதை இந்த எண்களே சொல்கின்றன.

ஹெல்மெட்டும் பெல்ட்டும் ஏன் கடைசியில் வருகின்றன

பாதுகாப்பு என்றாலே பலருக்கு மஞ்சள் ஹெல்மெட்தான் ஞாபகம் வருகிறது. துறை அறிந்தவர்கள் வரிசையைத் தலைகீழாகப் போடுவார்கள். முதலில், ஆபத்தையே நீக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்: மேலே செய்யும் வேலையைத் தரையிலேயே செய்து மேலே ஏற்ற முடியுமா? முடியாவிட்டால் ஆபத்து குறைந்த வழி ஒன்று உண்டா? அப்புறம் கைப்பிடித் தடுப்பு, வலை, மூடிய குழி, முட்டு. அப்புறம் பயிற்சி, எச்சரிக்கைப் பலகை, வேலை நேர ஒழுங்கு. இத்தனையும் செய்த பிறகும் மிஞ்சும் ஆபத்துக்குத்தான் ஹெல்மெட், பெல்ட், கண்ணாடி. இந்த வரிசையைக் கட்டுப்பாட்டுப் படிநிலை என்பார்கள்.

காரணம் இதுதான். தடுப்புச் சுவர் யாருடைய ஞாபகத்தையும் நம்பியிருப்பதில்லை. களைத்தவரையும் புதியவரையும் அது ஒன்றுபோலத் தடுக்கும். பெல்ட் அப்படியில்லை, ஒவ்வொரு முறையும் ஒருவர் மாட்ட வேண்டும். மாட்ட ஓர் இடமும் வேண்டும். "பெல்ட் கொடுத்தோம், போடவில்லை" என்று நிறுவனம் சொல்லும்போது கேட்க வேண்டிய கேள்வி: கொக்கியை எதில் மாட்டச் சொன்னீர்கள்? ஆள் விழும்போது வரும் இழுப்பைத் தாங்கும் பிடிப்பு அங்கே இருந்ததா? இல்லாவிட்டால் அந்தப் பெல்ட் வெறும் துணி. அந்த வாதமும் அவ்வளவுதான்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1988-ல் கட்டுமானப் பாதுகாப்புக்கென்றே 167-ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதிலும் இதே வரிசைதான். வேறு வழிகளில் போதிய பாதுகாப்பை உறுதிசெய்ய முடியாதபோதுதான் தனிநபர் பாதுகாப்புச் சாதனம். அதற்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது. ஹெல்மெட்டுக்குக் கூலியில் பிடித்தம் செய்யும் வழக்கத்தை அந்த உடன்படிக்கை ஏற்கவில்லை.

எவ்வளவு செலவு செய்தால் போதும்? 1949-ல் வந்த ஒரு பிரிட்டிஷ் சுரங்கத் தீர்ப்பு இதற்கு நல்ல அளவுகோல் தந்தது. ஆபத்தையும் அதைத் தவிர்க்க ஆகும் செலவு, நேரம், சிரமத்தையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். ஆபத்தோடு ஒப்பிட்டால் செலவு மலைக்கும் மடுவுக்குமாக அதிகம் என்றால்தான் விட்டுவிடலாம். கொஞ்சம் செலவு கூடும் என்பதோ வேலை தாமதமாகும் என்பதோ காரணமாகாது. விபத்துக்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்பதும் இதில் அடங்கும்.

இதுவரை பார்த்தது: நிறுவனத்தின் கடமை ஆட்கள், கருவி, இடம், முறை எல்லாவற்றையும் தொடுகிறது. அணிந்துகொள்ளும் சாதனம் அதில் கடைசிப் படி. அந்தப் படி தவறியது என்று சொல்லி மேல் படிகளை யாரும் மறைக்க முடியாது.

"அவர் எங்கள் ஆள் இல்லை"

கட்டுமானத்தில் ஒரே நிறுவனம் எல்லா வேலையும் செய்வது அரிது. இடத்துக்குச் சொந்தக்காரர், வடிவமைத்த பொறியாளர், மொத்த வேலையையும் எடுத்த முதன்மை ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே சென்ட்ரிங், கம்பி கட்டுதல், மின்சாரம், பெயின்ட் என்று தனித்தனி சப் கான்ட்ராக்டர்கள், அவர்களுக்கு ஆள் பிடித்துத் தரும் மேஸ்திரி. இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருப்பவருக்குத்தான் பெரும்பாலும் அடிபடுகிறது. அவருக்கு நேரடியாகக் கூலி கொடுப்பவரிடம்தான் பெரும்பாலும் பணமும் இல்லை, காப்பீடும் இல்லை.

சட்டங்கள் இதை ஆரம்பத்திலேயே கண்டுகொண்டன. 1897-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டத்திலேயே, வேலையைத் துணை ஒப்பந்தத்துக்கு விட்டாலும் மேலே இருப்பவர் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்ற விதி இருந்தது. இந்தியாவின் 1923 சட்டமும் அதையே சொன்னது. தன் தொழிலின் ஒரு பகுதியான வேலையை ஒப்பந்தக்காரருக்கு விட்டவரிடமே தொழிலாளி கேட்கலாம், கொடுத்தவர் பிறகு ஒப்பந்தக்காரரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். முதலில் தொழிலாளிக்குப் பணம், பிறகு அவர்களுக்குள் பஞ்சாயத்து. இந்த ஒரு விதியைத் தெரிந்து வைத்திருப்பதே பெரிய உதவி.

தண்டனைக் கணக்கில் இன்னும் நுணுக்கமாகப் பார்ப்பார்கள். அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஒரே இடத்தில் பல நிறுவனங்கள் இருக்கும்போது நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள்: ஆபத்தை உண்டாக்கியவர், தன் ஆட்களை அந்த ஆபத்தில் நிறுத்தியவர், அதைச் சரிசெய்யும் பொறுப்பை ஏற்றவர், இடத்தையே கட்டுப்படுத்துபவர். லிப்ட் குழியை ஒரு நிறுவனம் மூடாமல் விட்டது, வேறு நிறுவனத்தின் பெயின்டர் அதில் விழுந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழியைத் திறந்து விட்டவரும் பொறுப்பு, பெயின்டரை அங்கே அனுப்பியவரும் பொறுப்பு, தினமும் சுற்றிப் பார்த்தும் கண்டுகொள்ளாத முதன்மை ஒப்பந்ததாரரும் பொறுப்பு. 167-ஆவது உடன்படிக்கையும், ஒரே இடத்தில் பலர் வேலை செய்யும்போது பாதுகாப்பை ஒருங்கிணைப்பது முதன்மை ஒப்பந்ததாரரின் பொறுப்பு என்றே சொல்கிறது.

இடத்தின் சொந்தக்காரர்? பொதுவாக அவர் வேலைமுறையில் தலையிடாவிட்டால் பொறுப்பு குறைவு. தன் வீட்டைக் கட்டிக்கொள்பவரும் வணிகக் கட்டடம் கட்டுபவரும் ஒன்றில்லை. நியூயார்க் மாநிலத்தில் 1885 முதலே சாரச் சட்டம் ஒன்று உண்டு. அதன் இன்றைய வடிவத்தில், உயரத்தில் வேலை செய்பவருக்குச் சரியான பாதுகாப்பு கொடுக்காவிட்டால் சொந்தக்காரரும் ஒப்பந்ததாரரும் முழுப் பொறுப்பு. ஆனால் ஒன்று அல்லது இரண்டு குடும்பங்கள் வாழும் வீட்டின் சொந்தக்காரர், வேலையை நேரடியாக நடத்தாதவரை, அதிலிருந்து விலக்கப்படுகிறார்.

'சுயதொழில் செய்பவர்' என்று தாளில் எழுதி வாங்கிக்கொள்வது இன்னொரு வழக்கம். நீதிமன்றங்கள் தாளோடு நிற்பதில்லை. எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்வது யார், கருவி யாருடையது, வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிப்பது யார் என்று பார்க்கின்றன. நாள் முழுக்க ஒருவர் சொல்வதைக் கேட்டு வேலை செய்பவர், பெயரை மாற்றியதால் முதலாளி ஆகிவிட மாட்டார்.

தொழிலாளியின் தவறும் இருந்தால்?

இருக்கலாம். மனிதர்கள் களைப்பார்கள், அவசரப்படுவார்கள், பழக்கத்தில் கவனம் தவறும். கேள்வி, அதனால் என்ன ஆகும் என்பதுதான்.

1891-ல் ஒரு பிரிட்டிஷ் வழக்கு. ரயில் பாதை அமைக்கும் வேலையில் ஒருவர் பாறையைத் துளையிட்டுக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே கிரேன் கற்களைத் தூக்கிக்கொண்டு போனது. ஆபத்து என்று அவருக்கும் தெரியும், நிறுவனத்துக்கும் தெரியும். ஒரு கல் விழுந்தது. "தெரிந்துதானே நின்றார்" என்ற வாதத்தைப் பிரபுக்கள் சபை நிராகரித்தது. ஆபத்தைத் தெரிந்திருப்பது வேறு, அதை மனமுவந்து ஏற்றுக்கொள்வது வேறு. வேலை போய்விடும் என்ற பயத்தில் தொடர்ந்து நின்றதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இன்று பல நாடுகளில் நஷ்டஈட்டு வழக்கில் பங்குத் தவறு என்ற முறை இருக்கிறது. விபத்தில் இருவரின் தவறும் இருந்தால், தொழிலாளியின் பங்கு அளவுக்குத் தொகை குறையும், முழுவதும் போகாது. நான்கில் ஒரு பங்கு அவர் தவறு என்றால் மீதி முக்கால் பங்கு கிடைக்கும். இழப்பீட்டுக் கணக்கில் இந்தக் குறைப்புகூடப் பெரும்பாலும் கிடையாது, சாதாரணக் கவனக்குறைவு தொகையைக் குறைக்காது. குடிபோதை, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றுவது, தெளிவான உத்தரவை வேண்டுமென்றே மீறுவது போன்றவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு வைத்திருப்பார்கள். அதிலும் இந்தியாவின் 1923 சட்டம், இறப்பு நேர்ந்தாலோ முழு நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ அந்த விதிவிலக்கும் செல்லாது என்று திருத்தப்பட்டது. அப்பாவின் தவறுக்காகப் பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது என்ற நியாயம் அதில் இருப்பதாக நான் புரிந்துகொள்கிறேன்.

"எனக்கு எது நடந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல" என்று வேலைக்குச் சேரும்போதே வாங்கும் கையெழுத்துக்கும் பெரும்பாலான நாடுகளில் மதிப்பில்லை. இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளியே நினைத்தாலும் முன்கூட்டி விட்டுக்கொடுக்க முடியாதபடிதான் சட்டங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தக் கையெழுத்தை நினைத்து யாரும் தயங்க வேண்டாம்.

நிறுவனத்தையே குற்றவாளியாக்க முடியுமா?

சில நாடுகளில் முடியும். பிரிட்டனில் 2007-ல் இதற்கென ஒரு சட்டம் வந்தது: நிர்வாகத்தின் கடுமையான அலட்சியத்தால் உயிர் போனால் நிறுவனத்தின்மேலேயே உயிரிழப்புக் குற்றம் சாட்டலாம். அதன்கீழ் முதல் தண்டனை 2011-ல் வந்தது. 3.5 மீட்டர் ஆழச் சோதனைக் குழியில் மண் பரிசோதனை செய்த இளம் நிலவியலாளர், முட்டு கொடுக்காத அந்தக் குழி சரிந்து இறந்திருந்தார். சிறிய நிறுவனம்தான், 3,85,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. அபராதத்தால் நிறுவனமே மூடிப்போனாலும் வேறு வழியில்லை என்று நீதிமன்றம் கருதியது. ஆனால், முன்பே சொன்னபடி, இது அரசின் கணக்கு.

அடிபட்ட பிறகு

சட்டம் எவ்வளவு சாதகமாக இருந்தாலும் வேலை நேரத்தில், வேலை இடத்தில்தான் அடிபட்டது என்று காட்ட முடியாவிட்டால் பயனில்லை. மருத்துவமனையில் 'மாடிப்படியில் வழுக்கி விழுந்தார்' என்று எழுதச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் ஒத்துக்கொள்ளக் கூடாது. அந்த ஒரு வரி பின்னால் முழு வழக்கையும் கெடுத்துவிடும். சாரமும் குழியும் மறுநாளே சரிசெய்யப்பட்டுவிடும், ஆகவே இருந்தபடியே படம் எடுத்து வைக்க வேண்டும். விபத்தை எழுத்தில் நிறுவனத்துக்குத் தெரிவித்து, அதன் நகலை வைத்துக்கொள்ள வேண்டும். தெரிவிப்பதற்கும் கோருவதற்கும் பெரும்பாலான நாடுகளில் கெடு உண்டு. மருத்துவமனையில் படுத்திருக்கும் நாட்களும் அதில் கழியும். அதனால் குடும்பத்தில் ஒருவர் உடனே தொழிற்சங்கத்தையோ சட்ட உதவி மையத்தையோ பார்ப்பது நல்லது.

நியமனக் கடிதம் இல்லை என்று பலர் மனம் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமலும் நிரூபிக்கலாம். நுழைவாயில் பதிவேடு, மேஸ்திரியின் கூலி நோட்டு, போனில் வந்த செய்திகள், கூலி வரவு வைத்த வங்கிக் கணக்கு எல்லாமே சாட்சிதான். இவற்றைவிட முக்கியம் கூட வேலை செய்தவர்கள். கட்டட வேலைக்காரர்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை, இந்தத் தளம் முடிந்தால் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். பார்த்தவர்களின் பெயரையும் போன் எண்ணையும் அன்றைக்கே வாங்கி வைத்துவிடுங்கள்.